பிக்கப்பில் ட்ரெய்லர் இழுக்கும்போது: அறிகுறி பார்த்து ஹிட்ச்சையும் சஸ்பென்ஷனையும் சரிசெய்வது

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை வந்தால் நெடுஞ்சாலையெங்கும் 25, 28 அடி டிராவல் ட்ரெய்லர்கள். இழுப்பது பெரும்பாலும் எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டன்ட்ரா போன்ற, 'அரை டன்' என்று அழைக்கப்படும் இலகு சுமை வகைப் பிக்கப்கள். பின்பக்கம் உட்காருகிறதா, ஏர்பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகும் காற்றுப் பை) போடு. ஆடுகிறதா, ஸ்வே பார் (ஆட்டத்தை உராய்வால் அடக்கும் கம்பி) போடு. குலுக்குகிறதா, ஷாக்கை மாற்று. இப்படி ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஒரே அறிகுறிக்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கலாம் என்பதால், பொருள் வாங்குவதற்கு முன் எடை போட்டுப் பார்ப்பதே சிக்கனம். கீழே உள்ளவை ஹிட்ச் பாலில், அதாவது பிக்கப்பின் பின்னால் நீட்டியிருக்கும் இணைப்பின் உருண்டையில், மாட்டி இழுக்கும் ட்ரெய்லர்களுக்கு. பிக்கப் பெட்டிக்குள், பின் அச்சின் மேல் மாட்டும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

முதல் வேலை: மூன்று எடைச் சீட்டுகள்

லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்த தட்டில், ட்ரெய்லர் அச்சுகள் மூன்றாவதில் நிற்கிற மாதிரி வண்டியை நிறுத்த வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அதே மேடையில் திரும்ப எடை போட்டால் கட்டணம் குறைவு. பயணத்துக்குப் போகிற மாதிரியே ஆட்கள், நாய், ஐஸ் பெட்டி, தண்ணீர் எல்லாவற்றோடும் போங்கள். காலி வண்டியின் எடை எதற்கும் உதவாது.

முதல் சீட்டு: பிக்கப் மட்டும். இரண்டாவது: ட்ரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் பார்களை (எடையை மற்ற அச்சுகளுக்குப் பரப்பும் ஹிட்ச் கம்பிகள்) மாட்டாமல். மூன்றாவது: பார்களையும் மாட்டி. 145 அங்குல வீல்பேஸ் உள்ள பிக்கப், 6,500 பவுண்ட் ட்ரெய்லர் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்.

பிக்கப் மட்டும்: முன் 3,240, பின் 2,760.
பார் இல்லாமல்: முன் 2,920, பின் 3,880, ட்ரெய்லர் 5,700.
பார் மாட்டி: முன் 3,140, பின் 3,500, ட்ரெய்லர் 5,860.

முதல் சீட்டில் பிக்கப் 6,000 பவுண்ட். இரண்டாவதில் முன்னும் பின்னும் சேர்ந்து 6,800. வித்தியாசமான 800 பவுண்ட்தான் டங் வெயிட், அதாவது ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச் பால் மேல் அழுத்தும் எடை. 6,500-க்கு 800 என்றால் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். டிராவல் ட்ரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12, 13-ல் வைப்பது நல்லது.

வைத்தது 800, ஆனால் பின் அச்சில் ஏறியது 1,120. கடப்பாரையால் நெம்புகிற மாதிரிதான் இது. பின் அச்சுக்கு வெளியே ஐந்தடி தள்ளி எடை உட்காருவதால், பின் அச்சு தாங்குமுனையாகி முன் அச்சிலிருந்து 320 பவுண்ட் மேலே எழும்புகிறது. ஸ்டியரிங் இருப்பதும் முன்னால்தான், பிரேக்கின் பெரும்பங்கை ஏற்பதும் முன்னால்தான். இந்த 320-தான் பாதிப் பிரச்சினைகளுக்கு வேர்.

இப்போது ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியுள்ள இரண்டு லேபிள்களையும் படியுங்கள். ஒன்றில் பிக்கப்பின் மொத்த எடை வரம்பும் ஒவ்வொரு அச்சின் வரம்பும் இருக்கும். இன்னொன்று மஞ்சளும் வெள்ளையுமான டயர் லேபிள். ஆட்களும் சரக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்ற பேலோட் எண் அதில் இருக்கும். பின் அச்சு வரம்பு 3,800 என்றால், மேலே உள்ள கணக்கில் பார் மாட்டாத வண்டி 80 பவுண்ட் மீறியிருக்கிறது. பார் மாட்டியதும் 300 பவுண்ட் இடைவெளி கிடைத்துவிட்டது. விளம்பரத்தில் 11,000 பவுண்ட் இழுக்கும் என்று போட்டிருப்பதை நம்பி ட்ரெய்லர் வாங்கியவர்களை மாட்டிவிடுவது இழுவிசை அல்ல, பேலோட்தான். பேலோட் 1,650 என்று வையுங்கள். நான்கு பேர் 600, பெட்டியில் சாமான் 200, ஹிட்ச் 90, டங் வெயிட் 800. கூட்டினால் 1,690. ட்ரெய்லரோ வெறும் 6,500-தான்.

ரிசீவரில் (பிக்கப்பில் ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய்) ஒட்டியிருக்கும் லேபிளையும் விடாதீர்கள். அதில் இரண்டு வரிகள் இருக்கும்: வெறும் ஹிட்ச் பாலில் எவ்வளவு, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சோடு, அதாவது ஸ்பிரிங் பார் உள்ள ஹிட்ச்சோடு, எவ்வளவு. முதல் வரி 5,000 பவுண்ட் ட்ரெய்லர், 500 பவுண்ட் டங் வெயிட் என்று நிற்கும் அரை டன் வண்டிகள் நிறைய உண்டு. அதைத் தாண்டினால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம். (இனி டபிள்யூ.டி. ஹிட்ச் என்றே சொல்வோம்.)

அறிகுறி 1: பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு தூக்குகிறது

எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அணைத்து அணைத்துக் காட்டுவார். ஸ்டியரிங் லேசாகத் தோன்றும். மழையில் திருப்பினால் வண்டி ஒரு நொடி தயங்கித் திரும்பும்.

இங்கேதான் அதிகம் பேர் ஏர்பேக்கில் விழுகிறார்கள். ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கும், அதில் சந்தேகமில்லை. வண்டி சமமாக நிற்கும், ஹெட்லைட் இறங்கும், படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்: முன் அச்சில் ஏறக்குறைய அதே 2,920, பின்னால் அதே 3,880. உயரம்தான் மாறியது, எடை இடம் மாறவில்லை. ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட், ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000, டிம்ப்ரென் ரப்பர், சூமோஸ்பிரிங்ஸ், கூடுதல் ஸ்பிரிங் பட்டை எல்லாமே இந்த வகைதான். லேபிளில் உள்ள வரம்பை இவற்றில் எதுவும் ஒரு பவுண்ட் கூட உயர்த்தாது.

எடையை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் நகர்த்துவது டபிள்யூ.டி. ஹிட்ச் ஒன்றுதான். ஸ்பிரிங் பார்கள் இரண்டும் ஹிட்ச் தலையைப் பின்னாலிருந்து திருகி, பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கத்தை அழுத்துகின்றன. மூன்றாம் சீட்டைத் திரும்பப் பாருங்கள்: முன்னால் 220 திரும்பியது, ட்ரெய்லர் அச்சுகளுக்கு 160 போனது, பின் அச்சில் 380 குறைந்தது.

பார் எடுக்கும் அளவு: டங் வெயிட்டோடு, பின் அச்சுக்குப் பின்னால் பிக்கப் பெட்டியில் கிடக்கும் சாமானையும் கூட்டுங்கள். 800-ம் 200-ம் 1,000 என்றால் 1,000 பவுண்ட் பார். இருக்கட்டுமே என்று 1,400 வாங்கினால் பார் வளையாது. ஒவ்வொரு மேடுபள்ளமும் ட்ரெய்லர் சட்டத்துக்கும் பிக்கப் சட்டத்துக்கும் நேராகப் போகும். 600 வாங்கினால் எவ்வளவு இழுத்தாலும் முன் அச்சு திரும்பாது.

அமைக்கும் முறை:

1. சமதரையில் ட்ரெய்லரை மட்டம் வைத்து நிறுத்தி, கப்ளர் (ஹிட்ச் பால் மேல் உட்காரும் ட்ரெய்லர் முனை) உயரத்தை அளக்கவும். ஹிட்ச் பாலின் உச்சி அதைவிட 1 அங்குலம் போல உயரமாக இருக்கட்டும். மாட்டியதும் பிக்கப் இறங்கும். 4x4 பிக்கப்பாக இருந்தால் கீழ்நோக்கி இறங்கும் ஷாங்க் (ரிசீவருக்குள் செருகும் ஹிட்ச் தண்டு) தேவைப்படும்.
2. முன் மட்கார்டு வளைவின் நடுவிலிருந்து தரை வரை அளக்கவும். 36½ அங்குலம் என்று வைப்போம்.
3. பார் இல்லாமல் ட்ரெய்லரை மாட்டி மறுபடி அளக்கவும். 37¾.
4. பார்களை மாட்டி அளக்கவும். ஏறிய 1¼ அங்குலத்தில் பாதியாவது திரும்ப வேண்டும். அதாவது 37⅛ அல்லது அதற்குக் கீழ். 36½-க்குக் கீழே மட்டும் எப்போதும் போகக் கூடாது.
5. போதவில்லை என்றால் ஹிட்ச் தலையைப் பின்னோக்கி இன்னும் சாய்க்கவும் (வாஷர் சேர்த்து), அல்லது செயினில் ஒரு கண்ணி குறைக்கவும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு அளவு.

பாதியா, முழுவதுமா என்பதை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும், அதையே பின்பற்றுங்கள். பழைய காலத்தில் முழுவதும் திருப்பு என்பார்கள். எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற சோதனைத் தரம் வந்த பிறகு பல நிறுவனங்கள் அதைக் குறைத்துக்கொண்டன. பின் அச்சிலிருந்து எடையை அளவுக்கு மீறி எடுத்தால் வளைவில் பின் டயர்கள் பிடி இழக்கும். முன்பக்கம் தயங்குவது ஓட்டுநருக்குத் தெரியும், சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் ட்ரெய்லரும் சேர்ந்து தள்ளும், அவகாசம் கிடையாது.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் பார் இழுக்கும் நேரத்தில் கம்ப்ரெஸர் தானாகவே பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தால் எந்த அளவும் பொருளற்றுப் போகும். அந்த நேரத்தில் எந்த நிலையில் வைக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

டபிள்யூ.டி. ஹிட்ச் சரியாக அமைந்த பிறகும் ஓர் அங்குலம் தாழ்ந்தே நின்றால் அதில் தப்பில்லை. வெறும் வண்டியில் பின்பக்கம் உயர்ந்து நிற்கும்படி கம்பெனியே வைத்திருப்பது சுமைக்காகத்தான். முன்பக்கத்தை உயர்த்தும் 2 அங்குல லெவலிங் கிட் போட்டவர்கள் அந்த இடைவெளியைத் தாங்களே தின்றுவிட்டு, பிறகு உட்காருகிறது என்று வருத்தப்படுவார்கள். பிக்கப் பெட்டியிலும் நிறையச் சுமை இருப்பதால் பம்ப் ஸ்டாப்பில் (அச்சு மேலே எழும்பும்போது தடுக்கும் ரப்பர்) இடிக்கிறது என்றால் மட்டும் ஏர்பேக்குக்கு இடம் உண்டு. வரிசை முக்கியம்: பேக்கில் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. மட்டும் வைத்து, முதலில் பார்களை அமைத்து முன் அச்சைச் சரிசெய்து, அதற்குப் பிறகு மிச்சத் தாழ்வுக்குக் கொஞ்சம் காற்று. முதலிலேயே 60 பி.எஸ்.ஐ. ஏற்றி மட்டம் கட்டிவிட்டால் பார்கள் செய்ய வேண்டிய வேலையே கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி 2: ட்ரெய்லர் வாலாட்டுகிறது

முதலில், சாலையில் ஆடத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்ப முயலாதீர்கள், உங்கள் கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் போகும். ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கண்ட்ரோலரில் கையால் நகர்த்தும் நெம்பை அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, சங்கிலி நீட்டிவிட்ட மாதிரி நேராகும். பிக்கப் பிரேக்கை மிதித்தால் பின்னால் வரும் 6,500 பவுண்டும் உங்களைத் தள்ளும். வேகம் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆட்டத்தை வளர்ப்பதே வேகம்தான்.

நின்ற பிறகு, எப்போது ஆடியது என்று யோசியுங்கள். அதை வைத்துத்தான் காரணம் பிடிபடும்.

வேகம் 60 மைல் தாண்டினால், காற்றே இல்லாமல், தானாக ஆட்டம் தொடங்கி வளர்கிறது. டங் வெயிட் குறைவு. ட்ரெய்லரின் பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி, கட்டிலுக்கு அடியில் கருவிப் பெட்டி என்று எதையாவது ஏற்றியிருப்பீர்கள். ஹிட்ச் பாலிலிருந்து அச்சுகள் 200 அங்குலம் என்றால், அச்சுக்குப் பின்னால் பத்தடியில் வைக்கும் ஒவ்வொரு 100 பவுண்டும் டங் வெயிட்டில் 60 பவுண்டைக் கழிக்கும். மூன்று சைக்கிளும் ஸ்டாண்டும் 150 பவுண்ட் என்றால் 90 போய்விட்டது. 40 காலன் தண்ணீர் 330 பவுண்டுக்கு மேல். தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்பதைக் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரே ட்ரெய்லர் தொட்டி நிறைந்தால் ஒழுங்காகவும் காலியானால் ஆடவும் செய்வது அதனால்தான். இந்த ஆட்டத்தை ஸ்வே பார் போட்டு மறைக்கக் கூடாது. சாமானை முன்னால் நகர்த்தி, திரும்ப எடை போடுங்கள்.

பெரிய லாரி கடக்கும்போது மட்டும் ஒரு தள்ளு, ஓர் இழுப்பு, பிறகு அடங்குகிறது. 28 அடிப் பக்கச் சுவர் காற்றை வாங்கத்தான் செய்யும். ஒன்றிரண்டு அசைவில் தானாக அடங்கினால் அது ஆட்டமல்ல. அடங்கத் தாமதமானால் உராய்வு வகைக் கட்டுப்பாடு போதவில்லை என்று அர்த்தம். சிறிய ட்ரெய்லர்களுக்கு வரும் ஒற்றை உராய்வு பார் 5,000 பவுண்டுக்கு மேல் திணறும். ஈக்வலைசர் போல, பாரே தாங்கியின் மேல் உரசிக்கொண்டு ஓடும் வகை அதைவிட மேல். ஹென்ஸ்லி ஆரோ, புரோப்ரைட் இரண்டும் வேறு சாதி: நான்கு இணைப்புகளால் திருப்பு மையத்தையே பின் அச்சை நோக்கி முன்னால் தள்ளிவிடுவதால் பக்கக் காற்றுக்கு ட்ரெய்லர் பிக்கப்பைத் திருப்ப முடியாது. விலை பல மடங்கு, எடையும் அதிகம். பேலோடில் கழிக்க மறக்க வேண்டாம். வயோமிங்கில் ஐ-80 மாதிரிக் காற்றடிக்கும் சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு நியாயமான செலவு. வருடம் இரண்டு முறை ஏரிக்கரைக்குப் போகிறவருக்குத் தேவையில்லை.

பிக்கப்பே பின்பக்கம் மெத்தையில் நிற்கிற மாதிரி அசைகிறது, ட்ரெய்லர் நேராகத்தான் வருகிறது. டயர். அரை டன் வண்டிகளோடு வரும் பயணிகள் வகை டயரின் பக்கச் சுவர் மெல்லியது. முதலில் பின் டயர் காற்றைச் சுமைக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு வையுங்கள். டயரின் பக்கத்தில் எழுதியுள்ள உச்சத்தைத் தாண்டக் கூடாது. அதிலும் தீரவில்லை என்றால் அதிகச் சுமை தாங்கும் எல்.டி. (லைட் ட்ரக்) வகை, லோட் ரேஞ்ச் இ டயர். ஆனால் எல்.டி. டயரில் பழைய டயரின் காற்றளவை வைக்கக் கூடாது. அதே எடையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும்.

ட்ரெய்லர் மூக்கு மேலே நிற்கிறது. ஹிட்ச் பால் உயரம் தவறு. ட்ரெய்லரின் பின் அச்சு அதிகம் சுமக்கும், டங் வெயிட் குறையும், ஆட்டம் வரும். மட்டமாகவோ ஓர் அங்குலம் மூக்கு கீழாகவோ வையுங்கள்.

ட்ரெய்லர் டயர்களைப் பற்றி ஒரு வரி: எஸ்.டி. (ட்ரெய்லருக்கென்றே செய்த) டயர்களில் வேறு குறிப்பு இல்லை என்றால் 65 மைல்தான் வரம்பு. காற்று, பக்கச் சுவரில் எழுதிய குளிர்ந்த நிலை அளவு முழுவதும். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் சட்டப்படியே 55 மைல்.

அறிகுறி 3: மூக்கும் வாலும் மாறி மாறிக் குதிக்கின்றன

கான்கிரீட் சாலையின் இணைப்புகள் மேல், ஒரே தாளத்தில் பிக்கப் தலையாட்டிக்கொண்டே போகும். பின் இருக்கைக்காரருக்கு வாந்தி வரும். வேகத்தை ஐந்து மைல் மாற்றினால் நின்றுவிட்டால், அந்த இணைப்பு இடைவெளியும் உங்கள் வீல்பேஸும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். பெரிய நோய் இல்லை.

எல்லா வேகத்திலும் குதித்தால் வரிசையாகப் பாருங்கள். பார் இழுவிசை குறைவா? மூன்றாம் சீட்டில் முன் அச்சு பாதிகூடத் திரும்பவில்லை என்றால் இதுதான். பார் அளவு மிகப் பெரிதா? பார்கள் கொஞ்சமும் வளையாமல் நேராக நிற்கும். ஏர்பேக்கில் காற்று அதிகமா? பேக் ஒரு ஸ்பிரிங் மட்டுமே. குதிப்பை அடக்குவது ஷாக்கின் வேலை. பேக்கில் 80 பி.எஸ்.ஐ. ஏற்றி, 60,000 மைல் ஓடிய பழைய ஷாக்கை அப்படியே விட்டால் குதிக்காமல் என்ன செய்யும்? கடைசியாக ஷாக்: ட்ரெய்லர் இல்லாமலேயே வேகத்தடையில் ஏறி இறங்கிய பின் பிக்கப் ஒன்றுக்கு மேல் ஆடினால், அல்லது ஷாக் உடலில் எண்ணெய் கசிந்திருந்தால், மாற்றுங்கள். நான்கையும் மாற்றுவது நல்லது. முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கம் மட்டும் என்றால் பாதிப் பலன்தான்.

அறிகுறி 4: பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் முதுகில் தள்ளுகிறது

இதற்கு சஸ்பென்ஷன் வாங்கி வீணாக்கியவர்கள் உண்டு. பிரேக் கண்ட்ரோலரின் கெயின் அளவைப் (ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அமைப்பு) பாருங்கள். காய்ந்த, சமமான சாலையில் 20 மைல் வேகத்தில் போய், கையால் நெம்பை முழுவதும் அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி கெயினை வையுங்கள். பிரேக் சூடாவதற்கு முன்னும் பின்னும் பலன் மாறும் என்பதால், சில முறை மெதுவாகப் பிடித்துச் சூடாக்கியபின் செய்யவும். சுமை மாறினால் கெயினும் மாற வேண்டும்.

கெயினை உச்சத்துக்கு ஏற்றியும் பிடிக்கவில்லை என்றால் வயர். 10, 12 அங்குல டிரம் பிரேக்கில் ஒவ்வொரு காந்தமும் சுமார் 3 ஆம்ப் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 அளவில் வர வேண்டும். அம்மீட்டரில் 9 காட்டினால் ஒரு காந்தமோ வயரோ போயிருக்கிறது. ஏழு ஊசி பிளக்கில் பச்சை பூத்திருக்கிறதா, எர்த் வயர் சட்டத்தில் துரு மேல் திருகியிருக்கிறதா, அச்சுக்குள் ஓடும் வயர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் சரி என்றால் ஷூ இடைவெளி. புது ட்ரெய்லரில் முதல் 200 மைலில் ஒரு முறை, பிறகு 3,000 மைலுக்கு ஒரு முறை சரிசெய்ய வேண்டும். பலர் ஒரு முறைகூடச் செய்வதில்லை.

அறிகுறி 5: கிளம்பும்போதும் நிற்கும்போதும் 'டங்' என்று இடிக்கிறது

எங்கேயோ ஆட்டம் இருக்கிறது. ஒருவர் டிரைவில் போட்டு மெல்ல முன்னும் பின்னும் அசைக்க, இன்னொருவர் பக்கத்தில், சக்கரங்களின் வழியில் இல்லாமல், எட்ட நின்று பார்க்கட்டும்.

ஷாங்க் ரிசீவருக்குள் அசைந்தால்: 2 அங்குல ரிசீவருக்கு ⅝ அங்குலப் பூட்டு ஊசி (pin), கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ரிசீவரை இறுக்கும் யு-போல்ட் கிளாம்பு போதும். முக்கால் டன் வண்டிகளில் 2½ அல்லது 3 அங்குல ரிசீவருக்குள் ஸ்லீவ் செருகி 2 அங்குல ஷாங்க் போட்டிருந்தால் ஆட்டம் இரண்டு மடங்கு. ஸ்லீவைத் தூக்கிப்போட்டு, ரிசீவர் அளவுக்கே ஷாங்க் வாங்குங்கள்.

கப்ளர் ஹிட்ச் பால் மேல் அசைந்தால்: கப்ளரின் அடியில் இறுக்கும் நட் ஒன்று இருக்கும், தாழ்ப்பாள் உறுதியாக, ஆனால் கையால் மூடும் அளவுக்கு இறுக்கவும். இதைவிட ஆபத்தான ஒன்று: 2 அங்குல ஹிட்ச் பால் மேல் 2 5/16 அங்குல கப்ளர். தாழ்ப்பாள் விழும், பூட்டியதுபோலவே தெரியும், ஒரு பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். ஹிட்ச் பாலின் உச்சியில் அளவு பொறித்திருக்கும், கப்ளரிலும் இருக்கும், இரண்டையும் படியுங்கள். பூட்டியபின் முன் ஜாக்கால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்குங்கள்: பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டு பிடித்திருக்கிறது.

ஹிட்ச் பாலே தளர்ந்திருந்தால்: 1 அங்குலத் தண்டுக்கு 250 அடி-பவுண்ட், 1¼ அங்குலத்துக்கு 450 என்பது பொதுவான அளவு. வீட்டிலுள்ள சாதாரண ரெஞ்ச்சில் 450 வராது. கடையில் முறுக்கித் தரச் சொல்லுங்கள்.

'டங்' சத்தம் இல்லை, திரும்பும்போது முனகல், கிறீச் என்றால் அது உரசும் வகை பார்களின் இயல்பு. பார் முனை தலைக்குள் செருகும் இடத்தில் கிரீஸ் போடலாம். உராய்வுத் தட்டுகளில் போடவே கூடாது, போட்டால் ஸ்வே கட்டுப்பாடே போய்விடும். ஒற்றை உராய்வு பார் வைத்திருப்பவர்கள் ரிவர்ஸில் நெருக்கமாகத் திருப்பும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வளையும்.

பாரை மாட்டும்போது நீண்ட கம்பியால் முக்கி முனகி நெம்புகிறீர்களா? தேவையே இல்லை. கப்ளரைப் பூட்டியபின் ஜாக்கால் மூக்கையும் பிக்கப் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்குங்கள்; பார் கையாலேயே ஏறும். கழற்றும்போதும் அப்படியே. இழுவிசையில் உள்ள பார் கை தவறினால் தாடையை உடைக்கும்.

அறிகுறி 6: ஏர்பேக் ஒரு பக்கம் இறங்குகிறது

சோப்பு நுரையைப் பூசுங்கள். பேக்கில் ஓட்டை அரிது. குழாய் முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதும், குழாய் சைலன்ஸர் குழாய் பக்கத்தில் உருகியிருப்பதும்தான் வழக்கம். முனையைக் கூரான கத்தியால் நேராக வெட்டித் திரும்பச் செருகினாலே பாதி கசிவு நிற்கும். கத்தரிக்கோல் குழாயை நசுக்கும். இரண்டு பேக்கும் ஒரே வால்வில் இணைந்திருந்தால் வளைவில் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி வண்டி சாயும். தனித்தனி வால்வு வையுங்கள்.

காலி வண்டியில் 5 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விடக் கூடாது. பேக் மடிந்து கிள்ளப்பட்டுக் கிழியும். உள்ளேயே ரப்பர் பஃபர் உள்ள லோட்லிஃப்டர் 5000 அல்டிமேட் வகைக்கு மட்டும் விலக்கு. ராம் 1500 போலச் சுருள் ஸ்பிரிங் உள்ளவற்றில் சுருளுக்குள் செருகும் சிறிய பேக்தான் (ஏர் லிஃப்ட் 1000 அந்த வகை, 35 பி.எஸ்.ஐ. உச்சம்). பட்டை ஸ்பிரிங் வண்டிக்காரர் சொல்லும் 60, 70 கணக்கை இதில் ஏற்றினால் பேக் வெடிக்கும்.

ஃபிஃப்த் வீல் யோசனை இருந்தால்

எடை பின் அச்சின் மேலேயே உட்காருவதால் முன் அச்சு எழும்பாது. வாலாட்டம் மிகக் குறைவு. டபிள்யூ.டி. தேவையில்லை. ஆனால் பின் வெயிட் (pin weight), அதாவது ட்ரெய்லர் ஹிட்ச் மேல் அழுத்தும் எடை, 15 முதல் 25 சதவீதம். 12,000 பவுண்ட் ட்ரெய்லருக்கு 20 சதவீதம் என்றால் 2,400, ஹிட்ச் தனி, ஆட்கள் தனி. அரை டன் பேச்சுக்கே இடமில்லை. முக்கால் டன் டீசலும் ஏமாற்றும்: மொத்த வரம்பு 10,000 பவுண்டில் நிற்கும் வண்டியில் கனமான இன்ஜின் பேலோடைத் தின்றுவிடும். ஒரு டன் வண்டியைப் பாருங்கள், அப்போதும் கதவு லேபிளைப் படித்த பிறகே.

குட்டைப் பெட்டி பிக்கப்பில் கூர்மையாகத் திரும்பினால் ட்ரெய்லர் மூலை கேபின் கண்ணாடியில் மோதும். பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் வேண்டும். பெட்டியின் பக்கச் சுவர் உச்சிக்கும் ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் இடையே 5½ முதல் 6 அங்குலம் இருக்க வேண்டும். சரிவான வாசலில் குறுக்காக ஏறும்போது அந்த இடைவெளி ஒரு பக்கம் முழுவதும் மூடிக்கொள்ளும். பக்கச் சுவரின் தகடு மடங்கினால் மாற்றுவதற்கு ஆகும் செலவில் ஹிட்ச்சே இன்னொன்று வாங்கிவிடலாம்.